எர்த்துக்கு என்ன நிறம்?

புதுவாயல் சந்திப்பில் டீ குடித்து முடிப்பதற்குள் எத்தனை டிரெய்லர் லாரிகள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகிறவை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் கொண்டு போகிறவை என்று வரிசை ஓயாது. இழுக்கும் லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவே சுருள் சுருளாகச் சில குழாய்கள் தொங்கும். இரண்டு பிரேக்குக்கான காற்றுக் குழாய்கள். இன்னொன்று கரண்டு கேபிள். அதன் முனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளக், அதற்குள் ஏழு பின். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் போக்குவரத்துப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால், அந்த ஏழு பின்னின் கதையை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

டிரெய்லர் என்பதே நூறு வருடக் கதைதான். 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு வாடிக்கையாளரின் படகை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் இழுத்துப் போக ஒரு வண்டி செய்து கொடுத்தார். செமி டிரெய்லர் தொழிலின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் பிறந்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் 1983-இல் வந்தது. அதன் பிறகுதான் நம் ஜி.என்.டி. ரோட்டில் டிரெய்லர்கள் பெருகின. அதுவரை ரோடு பெரும்பாலும் சாதா லாரிகளின் ராஜ்யம்.

அந்த லாரிகள் இரண்டு வம்சம். ஒன்று எண்ணூர் லேலண்ட். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அது பிரிட்டிஷ் வழி. 1961-இல் பாடியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியும் அதே வழிதான். இன்னொன்று 1954-இல் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து டாடா செய்த லாரிகள். நமக்கு இரண்டும் லாரிதான். ஒயரிங் வேலை செய்கிறவருக்கு அப்படி இல்லை. இரண்டும் இரண்டு பாஷை.

லூகாஸ் வழக்கத்தில் எர்த் ஒயர் கறுப்பு. ஜெர்மன் வழக்கத்தில் எர்த் ஒயர் பழுப்பு. போதாததற்கு, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் சேஸிஸோடு இணைத்திருப்பார்கள். அறுபதுகளில்தான் அது மெல்ல மாறி மைனஸ் எர்த் ஆனது.

இந்த இரண்டு பாஷைக்கும் நடுவே மூன்றாவதாக வந்தது டிரெய்லர் கேபிள். 24 வோல்ட் லாரிக்கான ஏழு பின் பிளக்குக்கு உலகத் தர அமைப்பு வைத்த எண் ஐ.எஸ்.ஓ. 1185. அதில் 1 எர்த், வெள்ளை. 2 இடது டெயில் லைட், கறுப்பு. 3 இடது இன்டிகேட்டர், மஞ்சள். 4 ஸ்டாப் லைட், சிவப்பு. 5 வலது இன்டிகேட்டர், பச்சை. 6 வலது டெயில் லைட், பழுப்பு. 7 டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக்கு, நீலம்.

இப்போது கவனியுங்கள். லேலண்டில் கை பழகியவர் கறுப்பைப் பார்த்ததும் எர்த் என்று சேஸிஸில் முறுக்குவார். டிரெய்லரில் அது இடது டெயில் லைட். டாடாவில் பழகியவர் பழுப்பை எர்த் என்பார். அது வலது டெயில் லைட். விளக்கு சுவிட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். இரண்டு பக்க டெயில் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்றால் மொத்தப் பின்பக்கமும் இருட்டு. முன்னால் ஹெட்லைட் பளிச்சென்று எரிவதால் டிரைவருக்கு எதுவுமே தெரியாது. நல்ல ஒயரிங் மெக்கானிக்குகள் இதனால்தான் நிறத்தை நம்ப மாட்டார்கள். பிளக்கைக் கழற்றி, பின் பக்கத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் ஸ்குரூவை இறுக்குவார்கள்.

எண் சரியாக இருந்தும் கோளாறு வந்தால், பெரும்பாலும் அது முதல் பின்தான். எர்த்தை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. வயலுக்குப் பல வாய்க்காலில் தண்ணீர் வரும், வடிகால் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பின்களில் தனித்தனியாகப் போகிற கரண்டு முழுவதும் திரும்பி வருவது இந்த ஒரு பின் வழியாக. ஸ்டாப் லைட் இரண்டும் 21 வாட், இன்டிகேட்டர் 21, ஐந்து வாட் டெயில் லைட்டும் ஓர விளக்குமாக ஆறு என்றால் மொத்தம் 93 வாட். 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 4 ஆம்பியர். அந்தப் பின்னில் பச்சைப் பாசி பிடித்தால் வடிகால் அடைபட்ட மாதிரி. தண்ணீர் கண்ட பக்கம் ஏறுவது போலக் கரண்டு மற்ற பல்புகள் வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் மிதித்தால் டெயில் லைட் மங்கலாக எரியும், இன்டிகேட்டர் போட்டால் எல்லாமே சேர்ந்து துடிக்கும். பல்பை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பல்பில் இருக்காது.

"இரும்போடு இரும்பு தொடுகிறதே, தனியாக எர்த் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. டிரெய்லரின் கிங் பின் உட்கார்கிற தட்டில் கிரீஸ் அப்பியிருப்பார்கள். வண்டி திரும்பும்போது அது விட்டு விட்டுத் தொடும். நேராகப் போகையில் எரிகிற விளக்கு, வளைவில் அணைந்துபோகும். விளக்கு மிகவும் தேவைப்படுகிற இடமே அதுதான்.

இதில் அடங்கியிருப்பது சின்ன விஷயம் அல்ல. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. பின்னாலிருந்து மோதும் விபத்துகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் வருகிற பைக்காரருக்கு, விளக்கில்லாத டிரெய்லரின் வெறும் தளம் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. முன்னால் போகிறவர் உயிருக்கு ஆபத்தில்லை. பின் விளக்கு முழுக்க முழுக்கப் பிறருக்காக எரிகிற விளக்கு. அதனால்தான் அது எரிகிறதா என்று பார்க்க வேண்டிய அவசரம் யாருக்கும் வருவதில்லை.

அந்தக் காலத்தில் அதைப் பார்க்க ஓர் ஆள் இருந்தார். கிளீனர். சாயங்காலம் வண்டி எடுக்கும் முன் அவர் பின்னால் போய் நிற்பார். டிரைவர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட, "லெஃப்ட்டு எரியுதுண்ணே... ரைட்டு எரியுது... பிரேக் மிதிண்ணே..." என்று குரல் வரும். செலவே இல்லாத சோதனை. இன்று செலவைக் குறைக்கிறோம் என்று பல டிரெய்லர்களில் டிரைவர் தனி ஆள். அறுபது டன்னுக்குப் பக்கத்தில் இழுக்கிற வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்க்க ஒரு ஜோடிக் கண் இல்லை. விவரம் தெரிந்த டிரைவர் சுவர் ஓரமாகப் பின் பக்கத்தை நிறுத்தி, சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

ரோடு ஆறு வழியாகிவிட்டது, வண்டியின் வேகமும் கூடிவிட்டது. அந்தக் கிளீனரின் வேலையை நாம் கொஞ்சம் செய்யலாம். கவரைப்பேட்டையிலோ தச்சூர் கூட்டு ரோட்டிலோ டீக்கடை ஓரம் டிரெய்லர் நிற்கும்போது, பின் விளக்கு எரியாதது கண்ணில் பட்டால் டிரைவரிடம் சொல்லுங்கள். "தம்பி, பின்னாடி லைட்டு எரியல. பிளக்குல முதல் பின்னைப் பாரு." நான் சொன்னவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள்.