கையெழுத்தில் பிரிந்த குடும்பங்கள்

1964 அக்டோபர் 30 என்ற தேதியை என் தாத்தா சாகும்வரை மறக்கவில்லை. அன்றுதான் தில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர் குறித்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அண்டை நாடுகள் இரண்டு சண்டை சச்சரவு இல்லாமல் பேசித் தீர்த்துக்கொண்ட விவகாரம் என்று வரலாற்றுப் பாடம் அதைச் சொல்லும். தீர்க்கப்பட்ட அந்த விவகாரம், இலங்கையின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த எங்கள் குடும்பம். எங்களைப் போன்ற லட்சக்கணக்கான குடும்பங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, ஆள்சேர்க்க வந்த கங்காணிகள் பின்னால் கடல் கடந்தவர்கள் எங்கள் முன்னோர். மன்னாரில் இறங்கிக் காடு வழியே நடந்தே மாத்தளைக்கும் கண்டிக்கும் போனார்கள். வழியில் காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள் ஏராளம். முதலில் காப்பி, காப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை. இலங்கைக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த பயிர் அவர்கள் கையில் வளர்ந்தது.

1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கேயே பிறந்தவர்களும் அப்பாவோ பாட்டன் பூட்டனோ இலங்கையில் பிறந்ததைப் பத்திரத்தால் நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் யார் எடுத்து வைத்தார்கள்? குடியுரிமை போயிற்று; 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. நாடற்றவர்கள் ஆனார்கள்.

நேரு காலத்தில் இழுபறியாக இருந்ததைத்தான் சாஸ்திரி முடித்து வைத்தார். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுக்குள் ஆட்களை அனுப்பி முடிக்க வேண்டும். நிறுத்தி வைத்தவர்களை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாக, 75,000 பேர் வீதம், பிரித்துக்கொண்டார்கள். இந்த இரண்டு பேச்சுவார்த்தைகளிலும் தோட்டத் தொழிலாளர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பம் போட்டார் தாத்தா. அத்தைக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. அவள் புருஷன் வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதினார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் தாத்தா வீட்டார் அட்டன் ஸ்டேஷனில் கோச்சி (ரயில்) ஏறினார்கள். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கினால் மண்டபம் முகாம்.

தேயிலை வேலை தெரிந்தவர்களுக்காக 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் காட்டை வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது. பின்னாளில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது அதுதான். தாத்தாவுக்குச் சேரம்பாடி கிடைத்தது. அட்டைக் கடியும் மழையும் பழகினவைதாம், ஊர்தான் பழகவில்லை. நூறு வருஷத்துக்கு முன் முன்னோர் விட்டுப் போன கிராமத்தில் அவரை அடையாளம் காண ஒருவரும் இல்லை. வேறு பலர் வறண்ட மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, தெரியாத தொழிலுக்குக் கடன் வாங்கி, நொடித்துப் போனார்கள். உள்நாட்டுப் போர் மூண்டதும் 1984-இல் கப்பலும் நின்றது. தாத்தா இறந்தபோது அத்தைக்குத் தந்திதான் போனது.

இந்தத் துயரம் தவிர்க்க முடியாததா? இல்லை என்பதற்கு இலங்கையே சாட்சி. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அங்கே எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினை ஒருவரையும் கப்பல் ஏற்றாமல் தீர்ந்தது. 2003-இல் முடிந்தது 1964-இலும் முடிந்திருக்கும், மனம்தான் இல்லை.

அண்டை நாடுகள் சமாதானமாகப் பேசுவது நல்லது. ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் ஒப்பந்தத்தை நட்பு என்று நான் ஏற்க மாட்டேன். இன்றும் தமிழகத்து முகாம்களில், போருக்குத் தப்பி வந்த அகதிகளோடு, எங்களைப் போல் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த மலையகத் தமிழரும் இந்தியக் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்வதாக வாக்களித்த மக்களின் வழிவந்தவர்கள் அவர்களில் உண்டு. சாஸ்திரி போட்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டென்றால், இந்திய அரசு அவர்களுக்குத் தாமதமின்றிக் குடியுரிமை தர வேண்டும்.