மூலமும் படியும்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருப்புறத்திலும் பாறசாலையை அடுத்த சிற்றூர்களிலும் வாழும் தமிழராகிய நமக்கு, எல்லை என்பது நிலப்படத்துக் கோடு மட்டும் அன்று. நம் வரலாற்றுச் சான்றுகளையும் அது இரு கூறாக்கியுள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரம் கோயில் அப்பக்கம் சென்றது. அக்கோயிலின் பிறப்பைக் கூறும் செப்பேடுகளோ, திருவனந்தபுரம் உசூர்க் கச்சேரியில் காக்கப்பெற்றமையால் ‘உசூர் அலுவலகச் செப்பேடுகள்’ என்றே பெயர் பெற்றன. கோயில் ஒருபுறம், ஏடு மறுபுறம். இரண்டையும் ஒருங்கே நம் கண்முன் நிறுத்த வல்லது யாது? படி ஒன்றே என்போம்.

9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் ஈடாகக் கொடுத்து இடம் பெற்று, திருமாலுக்குக் கோயில் எடுத்தான். காந்தளூரைப் பின்பற்றி 95 மாணாக்கர் பயிலும் சாலையும் நிறுவினான். இத்தகைய செய்திகளைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் து. அ. கோபிநாதராவ் பதிப்பித்தார். செம்பைக் கண்ணால் காணாதாரும் கருநந்தடக்கனை அறிந்தது அந்த அச்சுப்படியால் அன்றோ?

கல்வெட்டாளர் எடுக்கும் மைப்படியின் நேர்மை வியத்தற்குரியது. நனைத்த தாளை எழுத்தின்மேல் விரித்துத் தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் படியச் செய்வர். பின் மை ஒற்றுவர். பொறித்த எழுத்து வெண்மையாகவும், சூழ்ந்த பரப்புக் கருமையாகவும் எழும். பின்வருவோர் முன்னோர் வாசிப்பைத் திருத்துவதற்கும் அதுவே துணை.

படியின் அருமையை டென்மார்க்கு நாட்டார் இழப்பினால் உணர்ந்தனர். இன்று அந்நாடுகளின் அருங்காட்சியகங்களில் வைக்கிங்குகளின் கப்பல், அணிகலன், எழுத்துக்கல் ஆகியவற்றின் மாதிரிகளைக் காண்பது இயல்பு. வைக்கிங்குகளுக்கும் முற்பட்ட, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு பொற்கொம்புகள் கல்லேகூசு என்னும் ஊரில் 1639இலும் 1734இலும் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், செய்தவன் தன் பெயரை ரூனிக் எழுத்தில் பொறித்திருந்தான். 1802இல் பொற்கொல்லன் ஒருவன் இரண்டையும் திருடி உருக்கிவிட்டான். ஆயினும் முன்னரே வரைந்து வைத்த ஓவியங்கள் எஞ்சின. அவற்றைக் கொண்டே மாதிரிகள் செய்யப்பட்டன. பொன் போயிற்று, எழுத்துப் பிழைத்தது.

ஆனால், படியே கள்வனுக்குத் துணையான வரலாறும் உண்டு. அதுவும் நம் தமிழகத்திலேயே உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் நிலத்தடியிலிருந்து சோழர்காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1954இல் நடராசர் திருமேனி செப்பனிடக் கொடுக்கப்பட்டது. திரும்பி வந்ததோ புதிதாக வார்த்த மாதிரி, மூலம் விற்கப்பட்டது. பல்லாண்டு மக்கள் வணங்கியது அம்மாதிரியையே. பிரித்தானிய அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965இல் உண்மையை வெளியிட்டார். அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளையிடம் சேர்ந்திருந்த மூலம், வழக்கின் பின் 1976இல் உடன்பாடு கண்டு, 1986இல் இந்தியா மீண்டது.

மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்தே உருவை எடுப்பர். ஆதலின் அம்முறையில் செய்த ஒவ்வொரு திருமேனியும் தனிப்படைப்பு. சிவபுரத்து மாதிரியைச் செய்த கைத்திறனில் குறையில்லை. ‘யான் மாதிரி’ என்று அது சொல்லாமற் போனதே குறை. தன்னை இன்னதென்று அறிவிக்கும் படி மூலத்தைக் காக்கும். அறிவியாத படி மூலத்தைக் களவாடும்.

அறிவித்துச் செல்லும் படிக்கும் நம் அண்டையிலேயே சான்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாற்கர இரவி, இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகனுக்கு வழங்கிய செப்பேடு கொச்சி மட்டாஞ்சேரி யூதர்க்கு உரியது. அது வட்டெழுத்தில், தமிழுக்கும் பின்னெழுந்த மலையாளத்துக்கும் நெருங்கிய நடையில் அமைந்தது. அதன் மாதிரியை 2017இல் இந்தியப் பிரதமர் இசுரேல் பிரதமருக்குப் பரிசளித்தார். மாதிரி என்று சொல்லியே கொடுத்தமையால், அதனை ஏற்றவர்க்கும் பெருமை. மூலத்தைக் காத்தவர்க்கும் பெருமை.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே: பார்த்திவபுரச் செப்பேடுகளின் நேரிய மாதிரி ஒன்று, தமிழிலும் மலையாளத்திலும் உரை சேர்த்து, திருப்புறம் முதலிய நம் ஊர்ப் படிப்பகங்களிலும் பள்ளிகளிலும் வைக்கப்பெறல் வேண்டும். அதன் பின்புறத்தில் ‘இது படி’ என்றும், செய்த ஆண்டு இன்னதென்றும் மறவாது பொறித்தல் வேண்டும். மூலம் எவ்வரசின் காவலில் இருப்பினும் இருக்கட்டும். அதன் சொல் நம் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுகட்கு முன் 95 மாணாக்கர்க்குச் சாலை கண்ட மண் இது என்பதை, எல்லைக்கு இப்பால் பிறந்த பிள்ளையும் தன் விரலால் எழுத்தைத் தடவி அறியட்டும்.