தலையணைக்கு அடியில் துப்பாக்கி

நடுவர் அவர்களே, 'பதக்கம் வாங்கினவனுக்கு என்னய்யா குறை'ன்னு எதிரணி நண்பர் கேட்டுட்டு உட்கார்ந்தார். ஆடி மர்ஃபியைக் கேளுங்க! அமெரிக்காவில் டெக்சாஸ், குத்தகைக்குப் பருத்தி விளைவித்த ஏழைக் குடும்பம். அப்பா விட்டுட்டுப் போயிட்டார். பையன் அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினான். முயல் சுட்டு வந்தால்தான் வீட்டில் கறி. 1941இல் தாயும் போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம், அக்கா வயசைக் கூட்டி எழுதிக்கொடுக்க, பட்டாளம் எடுத்துக்கிட்டது.

1945 ஜனவரி 26. பிரான்சில் ஹோல்ட்ஸ்வீர் கிராமம். எதிரே ஆறு ஜெர்மன் டாங்கி, கூடவே காலாட்படை. தன் ஆட்களைக் காட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த ஒரு கவச வண்டிமேல் ஏறினார். எந்த நிமிஷமும் வெடிக்கும்! அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால், காலில் காயத்தோடு, ஒரு மணி நேரம் தனியாக நின்று சுட்டார். வயசு 19. நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. 1955இல் சினிமாவில் தன் வேஷத்தைத் தானே நடித்தார்.

சரி, ராத்திரி? தூக்கம் வராது; வந்தால் கெட்ட கனவு. தலையணைக்கு அடியில் துப்பாக்கி. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, ஓட்டல் அறையில் தன்னைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் போராடி அதை விட்டார். அப்புறம் ஊரறியச் சொன்னார்: கொரியா, வியட்நாம் போய்வந்த சிப்பாய்களின் மனக்காயத்துக்கும் அரசாங்கம் வைத்தியம் பார்க்கணும்! அந்தக் காலத்தில் எந்த ஆம்பிளை ஐயா இதை வெளியே சொன்னான்? டாங்கி முன்னால் நின்றதைவிட இதற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேணும் என்பது எங்கள் கட்சி.

1971இல் விமான விபத்தில் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பதக்கம் பெற்றவர்கள் கல்லில் பொன்னெழுத்து மின்னும். இவருடையது சாதாரணக் கல்.