புள்ளி துளைத்த தாள்கள்: தட்டச்சுப்பொறியின் உருளையும் அடித்தாளும்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளியை விதித்திருந்தும் ஏடெழுதுவோர் அதனை விடுத்தமைக்கு, எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பதே காரணமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. தாளும் அச்சும் வந்தபின் இச்சிக்கல் தீர்ந்தது என்பர். பழைய தட்டச்சுப் படிகளைக் கையாள்வோர் அவ்வாறு கருத இயலாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். அதில் புள்ளிக்குரிய விசை நகராவிசையாகும். முதலில் புள்ளியைத் தட்டி, வண்டி நகராத நிலையில் அதன்கீழ் எழுத்தைத் தட்டினால் மெய் உருவாகும். புள்ளியின் முகப்பு மிகச் சிறிது. விரலின் விசை முழுவதும் அச்சிறு பரப்பிலேயே குவிகிறது. புதிய ரப்பர் உருளை அவ்வடியைச் சற்று நெகிழ்ந்து ஏற்கும். காற்று, வெப்பம், ஒளி ஆகியவற்றால் ஆண்டுகள் செல்லச்செல்ல ரப்பர் இறுகும், தாள் வழுக்கும், ஓசை மிகும், புள்ளி தாளைத் துளைக்கும். தமிழில் மெய்கள் மிகுதியாதலின் இத்துளைகளும் மிகுதி.

உருளைக்குப் புது ரப்பர் போர்த்துவதே முழுமையான தீர்வு. ஆயின் 1955இல் இந்தியாவில் தட்டச்சுப்பொறி உற்பத்தியைத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனமே 2009இல் அதனை நிறுத்திவிட்ட நிலையில் அது எளிதன்று. எஞ்சியது அடித்தாள். எழுதும் தாளினும் சற்றுத் தடித்த, உருளையைச் சுற்றி இயல்பாக வளையக்கூடிய தாளே ஏற்றது. அட்டை வளையாது, வழவழப்பான தாள் வழுக்கும், அளவுமீறித் தடித்த தாளால் எழுத்தின் வரிசை பிறழும். ஒரே அடித்தாளைத் தொடர்ந்து பயன்படுத்தின், முன்னைய எழுத்துகளின் பள்ளங்களில் புதிய எழுத்து மங்கிப் பதியும். கரித்தாளிட்டுப் படியெடுக்கையில் அவ்வடுக்கே ஓரளவு மெத்தையாகிவிடுகிறது. ஒற்றைத்தாளாக அடிக்கப்பட்ட படியே மிகுதியும் துளையுறும்.

இஃது எழுதுவினைஞரின் சிக்கல் மட்டுமன்று. துளையுற்ற படியை வெண்பின்னணியில் ஒளிநகல் எடுத்தால், துளை வெண்மையாகிப் புள்ளி மறைகிறது. மெய், அகரமேறிய உயிர்மெய்யாகத் தோன்றுகிறது. ஆய்வேட்டின் உரைநடையில் சூழலைக்கொண்டு திருத்திப் படித்துவிடலாம். கல்வெட்டுப் படிகளிலும் வட்டாரவழக்குப் பாடல்களிலும் எழுத்துவடிவமே சான்றாதலின் அவ்வுரிமை நமக்கில்லை. ஏட்டில் புள்ளியின்மையால் எழுந்த பாடவேறுபாடு இங்கும் எழும். எனவே ஐயம் எழும் இடங்களில் நகலை விடுத்து மூலத்தாளை ஒளிக்கு எதிரே பிடித்துத் துளைகளை எண்ணிக்கொள்ளுதல் நன்று. முன்புறத்தில் மை அழிந்திருப்பினும் பின்புற மேடு விரலுக்குப் புலனாகும்.