ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்பது 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னையில் உற்பத்தி செய்யப்பட்ட சிறிய தானுந்து (கார்) ஆகும். இது பிரித்தானியாவின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதனை வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் இருந்த தன் ஆலையில் தயாரித்தது. அம்பாசடர், பியட் ஆகியவற்றுடன், அக்காலத்தில் இந்தியாவில் தயாரான மூன்று முதன்மைத் தானுந்துகளுள் ஒன்றாக இது விளங்கியது.

வடிவமைப்பு

டிரையம்ப் ஹெரால்ட் 1959 ஏப்ரலில் வெளிவந்தது. இதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. கூரிய விளிம்புகள், மெல்லிய கூரை, அகன்ற கண்ணாடிகள், புருவம் போன்ற மேல்விளிம்புடைய முகப்பு விளக்குகள், சிறிய வால்சிறகுகள் ஆகியன இதன் அடையாளங்கள். உருண்டு திரண்ட அம்பாசடரின் அருகில் இது இலேசாகத் தோற்றமளித்தது.

இதன் கட்டமைப்பு ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தது. ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்த பிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடற்கூட்டை ஒரே இடத்தில் செய்விக்க வழியில்லாததால், தனி அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மீது பல பகுதிகளைத் திருகாணிகளால் பொருத்தும் முறை கையாளப்பட்டது. அன்று பிற நிறுவனங்கள் கைவிட்டுவந்த பழைய முறை இது. எனினும், உதிரிகளாக அனுப்பி வேறு நாடுகளில் பூட்டுவதற்கு இம்முறை ஏற்றதாக இருந்தது. முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால் 948 கன செ.மீ. பொறியை எளிதில் பழுது பார்க்க முடிந்தது. சுமார் 25 அடி (7.6 மீ) விட்டத்திற்குள் இது வட்டமிட்டுத் திரும்பக்கூடியது.

இந்தியாவில் மாற்றங்கள்

இந்திய அரசு உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உள்ள நிறுவனங்களையே ஆதரித்ததால், ஹெரால்டில் இந்திய உதிரிகளின் பங்கு படிப்படியாக உயர்த்தப்பட்டது. பிரித்தானியாவில் இரு பக்கக் கதவுகளுடன் மட்டுமே ஹெரால்ட் தயாரிக்கப்பட்டது. பெரிய குடும்பங்கள் பயணம் செய்த இந்தியாவில் இது குறையாகவே கருதப்பட்டது. எனவே 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு வகை சென்னையில் உருவாக்கப்பட்டது. இது இந்தியச் சந்தைக்கு மட்டுமே உரியது.

பிரித்தானியாவில் ஹெரால்டின் உற்பத்தி 1971இல் முடிவுற்றது. சென்னையில் அதன் வழிவந்த ஸ்டாண்டர்ட் கேசல் 1977 வரை தயாரிக்கப்பட்டது. பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஹெரால்டின் அமைப்பை இந்தியப் பயனரும் பழுது பார்ப்போரும் விரும்பாததால், கேசலில் விறைப்பான பின்அச்சு பொருத்தப்பட்டது. 1985இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் எஸ்டி1இன் நவீன உடற்கூட்டில் பழைய பொறியைக் கொண்டிருந்தது. விலை மிகுந்த அது வெற்றி பெறவில்லை. 1988இல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது.

வரலாற்றில் இடம்

வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில்தான் ஒரகடம் உள்ளது. அங்கும், அருகிலுள்ள வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை ஆகிய இடங்களிலும் இன்று பெரும் வாகன ஆலைகள் உள்ளன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாரிக்கப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரம் தானுந்துத் தொழிலை அறிந்திருந்தது என்பதற்கு ஹெரால்ட் சான்றாகும்.

வல்லம் வடகாலில் 2017 முதல் ஆலை நடத்தும் ராயல் என்ஃபீல்டின் வரலாறு இதனுடன் ஒப்பிடத்தக்கது. அதன் புல்லட்டும் பிரித்தானிய வடிவமைப்பே. 1955இல் சென்னைக்கு வந்த அது, தாய் நிறுவனம் மறைந்த பின்னும் இங்கு நிலைத்து, பழைய தோற்றத்தையே தன் வலிமையாக்கிக் கொண்டது. ஹெரால்டுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. எஞ்சியுள்ள வண்டிகளை ஆர்வலர்கள் பேணி வருகின்றனர். உடற்பகுதிகளைத் தனித்தனியே கழற்றிச் சீரமைக்க முடிவது அவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது.

இவற்றையும் பார்க்க

அம்பாசடர்
பிரீமியர் பத்மினி
ராயல் என்ஃபீல்டு