மணற்கடலிற் சென்ற மோட்டார் வண்டிகள்

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒட்டகமே மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும், இன்று மொரோக்கோவிலோ ஜோர்தானிலோ நமீபியாவிலோ உள்ள பாலைவன ஓர நகரமொன்றை அடையும் பிரயாணி ஒட்டகத்தைத் தேடவேண்டிய அவசியம் இல்லை. காலையில் ஒருநாள் வாடகையைச் செலுத்தினால், நான்கு சில்லுகளாலும் உந்தப்படும் மோட்டார் வண்டியொன்று கிடைக்கும். வழிகாட்டி எவருமின்றித் தானே அதனைச் செலுத்திச் சென்று, மணற்குன்றுகளைக் கண்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம்.

வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் சில பொருள்களையும் அதனுடன் ஏற்றி அனுப்புதல் வழக்கம். மண்வெட்டி ஒன்று, நீண்ட தகடுகள் இரண்டு, ரயரின் காற்றை அளக்கும் சிறு கருவி ஒன்று, தண்ணீர் நிறைந்த தகரங்கள். பிரயாணிகளுட் பலர் இவற்றை ஏறெடுத்தும் பாரார். ஆனால் இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி நிகழ்ந்த இடம், நைல் நதிக்கு மேற்கே பரந்து கிடக்கும் லிபியப் பாலைவனமாகும்.

அந்நிலத்தின் கொடுமையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பாரசீக மன்னன் கம்பைசிஸ் அனுப்பிய ஐம்பதினாயிரம் வீரர் கொண்ட படையொன்று சீவாப் பசுஞ்சோலைக்குச் செல்லும் வழியில் மணற்புயலில் மூழ்கி மறைந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரொடோற்றஸ் கூறினார். அது மெய்யோ கதையோ, மணலைப் பற்றிய அச்சம் மெய்யானதே. 1874ஆம் ஆண்டில் ஜேர்மானிய யாத்திரிகர் கெர்காட் றோல்ப்ஸ் என்பார் ஒட்டகங்களுடன் தாக்லாவிலிருந்து மேற்கே குப்ராவை நோக்கிப் புறப்பட்டார். வடக்குத் தெற்காக அணியணியாய் நின்ற மணல் வரைகள் அவரை மறித்தன. அவற்றைக் கடக்க இயலாமல், அவற்றின் இடைப்பள்ளங்களைப் பற்றி வடக்கே திரும்பிச் சீவாவை அடைந்தார். அவ்வழியில் அரிதாகப் பெய்த மழையொன்றே அவருடைய கூட்டத்தாருக்கு உதவிற்று. பெரு மணற்கடல் என்று வழங்கும் அப்பகுதி அதன்பின் அரை நூற்றாண்டு வரை கடத்தற்கரியதாகவே எண்ணப்பட்டது.

பாலைவனம் எவரும் அறியாத நிலமாக இருந்தது என்று கொள்ளுதல் தவறு. அங்கு வாழ்ந்த பெதூயின் மக்கள் கிணறுகளையும் வழிகளையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். 1923ஆம் ஆண்டில் எகிப்தியரான அகமது ஹசனைன் பே, உவைனாத் மலையைக் கண்டு உலகுக்கு அறிவித்த நெடும்பயணத்தை ஒட்டகங்களின் துணைகொண்டும் அம்மக்களின் அறிவைக் கொண்டுமே நிறைவேற்றினார். ஆனால் ஒட்டகமும் ஓர் எல்லைக்கு உட்பட்டது. கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரம் மிகுமாயின், எத்துணை வலிய ஒட்டகமும் வீழ்ந்து மடியும். ஆதலின், கிணறே இல்லாத பெருவெளியை ஒட்டகத்தாற் கடக்க இயலவில்லை. அதனை ஊடறுத்துச் செல்லவல்ல வேறொரு ஊர்தி வேண்டியிருந்தது.

மோட்டார் வண்டி அப்பாலைவனத்தினுள் முதன்முதலில் அமைதிக்காலத்தில் நுழையவில்லை. முதலாம் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டு முதல், செனூசி இயக்கத்தாரை எதிர்த்த பிரித்தானியப் படையினர் இலேசான போர்ட் வண்டிகளைக் கொண்டு எகிப்தின் மேற்கெல்லையைக் காவல் புரிந்தனர். நில அளவையாளர் ஜோன் போல் அவ்வண்டிகளிற் சென்று வெற்றிடமாயிருந்த தேசப்படத்தை நிரப்பத் தொடங்கினார். சகாராவின் மறுபக்கத்தில் பிரான்சியர் வேறொரு முறையைக் கையாண்டனர். சில்லுகளுக்குப் பதிலாகப் பின்புறத்தில் இறப்பர்ப் பட்டிகள் பூட்டிய சிட்றோயன் வண்டிகள் ஐந்து, 1922 டிசம்பர் 17ஆம் தேதி தூகூர் நகரை விட்டுப் புறப்பட்டு, 1923 ஜனவரி 7ஆம் தேதி திம்புக்துவைச் சேர்ந்தன. அது பெருங் கம்பனியொன்றின் பொருட்செல்வத்தால் நடைபெற்ற முயற்சியாகும்.

ஒரு சாதாரண மனிதன் தன் சொந்த வண்டியில், தன் சொந்தச் செலவில், பாலைவனத்தினுட் சென்று மீளலாம் என்பதை நிறுவியவர் றல்ப் பக்னோல்ட் என்னும் ஆங்கிலேயர். 1896ஆம் ஆண்டிற் பிறந்த இவர், படையிற் பொறியியலும் பின்னர்த் தந்தித் தொடர்பும் பயின்றவர். 1926ஆம் ஆண்டில் எகிப்துக்கு மாற்றம் பெற்று வந்தபோது, கெய்ரோ நகரத்து ஏனைய அதிகாரிகள் ஓய்வு நேரத்தைக் கேளிக்கையிற் கழித்தனர். பக்னோல்டும் அவர்தம் நண்பர் சிலரும் பழைய போர்ட் வண்டிகளை வாங்கி, விடுமுறை நாள்களிற் சீனாய்க்கும் சீவாவுக்கும் சென்று வந்தனர். சிறிது சிறிதாக அவர்களுடைய ஆவல் மணற்கடலை நோக்கித் திரும்பிற்று. 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் மேற்கொண்ட பயணங்கள் பாலைவனப் பிரயாணத்தின் இலக்கணத்தையே வகுத்தன எனலாம்.

அவர்கள் எதிர்கொண்ட முதல் இடர் தண்ணீர் பற்றியது. வெப்பத்தில் எஞ்சின் கொதிக்கும். றேடியேற்றரிலுள்ள தண்ணீர் ஆவியாய்ப் போகும். குடிப்பதற்கு வைத்த நீரை எஞ்சினுக்கு ஊற்றினால் மனிதர் மாளவேண்டும். ஊற்றாவிடின் வண்டி மாளும். இதற்கு அவர்கள் கையாண்ட வழி எளியது. றேடியேற்றரிலிருந்து ஒரு குழாயை எடுத்து, வண்டியின் பக்கத்திற் கட்டப்பட்ட மூடிய தகரமொன்றினுள் விட்டனர். தகரத்திற் பாதியளவு தண்ணீர் இருந்தது. வெளியேறும் ஆவி அத்தண்ணீரிற் பட்டு ஒடுங்கி நீராயிற்று. தகரத்து நீரும் கொதிக்கத் தொடங்கினால், வண்டியைக் காற்று வரும் திசையை நோக்கி நிறுத்துவர். எஞ்சின் குளிர்ந்ததும் றேடியேற்றர் அந்நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இதனால் ஒரே தண்ணீரைப் பல நூறு மைல்களுக்குப் பயன்படுத்த முடிந்தது.

இரண்டாவது இடர் திசை பற்றியது. இரும்பாலாகிய வண்டியினுள் காந்தத் திசைகாட்டி பொய் சொல்லும். திசையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் இறங்கித் தூரத்தே நடத்தல் வேண்டும். ஆதலின், போல் முதலியோர் முன்னரே கையாண்ட சூரியத் திசைகாட்டியைப் பக்னோல்ட் செம்மைப்படுத்தினார். பாகைகள் குறித்த வட்டத்தட்டின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஊசி. அதன் நிழல் தட்டின்மீது விழும். சூரியன் நகர நகரத் தட்டைத் திருப்பிக்கொண்டு, நிழலை ஒரே கோட்டில் வைத்து வண்டியைச் செலுத்தினால், வழியொன்றும் இல்லாத வெளியிலும் நேர்வழி தப்பாது. சென்ற தூரத்தை வண்டியின் மைல் அளவி காட்டும். இரவில் விண்மீன்களை அளந்து பகலின் கணக்கைச் சரிபார்த்தனர்.

மூன்றாவது இடர் மணலே. மென்மணலில் ஒடுங்கிய சில்லு கத்திபோல் இறங்கும். எஞ்சினை முடுக்க முடுக்க இன்னும் ஆழப் புதையும். ரயரிலுள்ள காற்றைக் குறைத்தால் அது தட்டையாகி அகன்று, வண்டியின் பாரத்தைப் பரந்த இடத்தின்மேற் பரப்பும் என்பதை அவர்கள் அனுபவத்தாற் கண்டனர். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் ஆழப் புதையாமல் நிற்பதும் இதே காரணத்தாலன்றோ? அப்படியும் புதைந்த வண்டிகளை மீட்க, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையொன்றில் அவர்களுக்கு ஒரு பொருள் அகப்பட்டது. முதலாம் உலகப் போரிற் பதுங்குகுழிகளின் கூரைக்காகச் செய்யப்பட்ட, ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள உருக்குத் தகடுகள் அவை. சில்லின் முன்னால் மணலைத் தோண்டி, தகட்டை இட்டு, வண்டியை அதன்மேல் ஏற்றினால் அது விடுதலை பெறும். இன்று வாடகை வண்டியின் கூரையிற் கட்டப்பட்டிருக்கும் தகடுகள் அவற்றின் வழித்தோன்றல்களே.

எனினும் மணற்குன்றுகள் எஞ்சின. நூறடியும் அதற்கு மேலும் உயர்ந்த அம்மணல் மலைகளிற் கனத்த வண்டி ஏறுமென எவரும் நம்பவில்லை. பக்னோல்ட் ஒருநாள் துணிந்து, முழு வேகத்துடன் ஒரு குன்றை நோக்கி வண்டியைச் செலுத்தினார். புதைந்து கவிழும் என்று எதிர்பார்த்த வண்டி, தங்குதடையின்றி மேலெழுந்து குன்றின்மேல் நின்றது. காற்று வீசும் பக்கத்துச் சரிவில் மணற்பரல்கள் நெருங்கி இறுகியிருந்தமையே காரணம். மறுபக்கத்துச் செங்குத்துச் சரிவோ தளர்ந்தது. உச்சியில் நிதானிக்காமற் பாய்ந்தால் வண்டி தலைகீழாய் வீழும். எந்த மணல் தாங்கும், எந்த மணல் தாங்காது என்பதைக் கண்ணாற் கற்றுக்கொள்வதே அவர்களுக்கு வித்தையாயிற்று.

இங்கு ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவர்களுடைய வண்டிகள் நான்கு சில்லுகளாலும் உந்தப்பட்டவை அல்ல. பின்சில்லுகள் இரண்டினால் மாத்திரம் ஓடிய, சாதாரண வீதிகளுக்கென்று செய்யப்பட்ட வண்டிகள். மணற்கடலைத் திறந்தது எஞ்சினின் வலிமை அன்று. மனிதர் பொறுமையாகச் சேர்த்த அறிவே.

அவ்வறிவு உயிர்காக்கும் அறிவாயிற்று. 1931 ஜனவரியில் இத்தாலியர் குப்ராவைக் கைப்பற்றினர். அங்கிருந்த மக்கள் பெண்டு பிள்ளைகளுடன் பாலைவனத்தினுள் ஓடினர். பலர் வழியிலே தாகத்தால் மடிந்தனர். எகிப்திய நில அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த பற்றிக் கிளேற்றன் அப்போது உவைனாத் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் அளவை வேலையை நிறுத்திவிட்டு, தம் வண்டிகளிற் பலமுறை சென்று, தவித்த அகதிகளை ஏற்றிவந்து காப்பாற்றினார்.

பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1939ஆம் ஆண்டிற் கிழக்காபிரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த பக்னோல்டின் கப்பல் மத்தியதரைக் கடலில் மற்றொரு கப்பலுடன் மோதிச் சேதமுற்றது. அதனால் அவர் எகிப்தில் இறங்க நேர்ந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரிற் குதித்ததும், தளபதி வேவலின் அனுமதியுடன் அவர் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை அமைத்தார். பழைய நண்பர்கள் மீண்டும் கூடினர். நியூசிலாந்து வீரர் பலர் சேர்ந்தனர். செவர்லே லொறிகள் பெறப்பட்டன. குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு பைந்து என வரையறுக்கப்பட்டது. வானொலியில் ஒலித்த நேரக் குறிப்பைக் கேட்டு, விண்மீன்களின் உதவியால் அவர்கள் தாம் நிற்கும் இடத்தைக் கணித்தனர். விடுமுறைப் பொழுதுபோக்காகக் கற்றது அனைத்தும் ஒரு படையின் பாடமாயிற்று.

அப்பாடத்தின் விலையையும் அவர்கள் அறிந்தனர். 1941 ஜனவரி 31ஆம் தேதி குப்ராவுக்குத் தெற்கே இத்தாலியர் ஒரு பிரிவைத் தாக்கினர். பத்தாண்டுகளுக்கு முன் அகதிகளை மீட்ட கிளேற்றன் காயமுற்றுக் கைதியானார். வண்டியை இழந்த நால்வர், இறந்தாரெனக் கருதப்பட்டுப் பின்தங்கினர். நியூசிலாந்தரான மூர் என்பவரின் தலைமையில், இரண்டு கலனும் நிறையாத தண்ணீருடன், தங்கள் லொறிகள் முன்னர்ப் பதித்த சில்லுத் தடங்களைப் பின்பற்றித் தெற்கே நடந்தனர். பத்து நாள்களின் பின் பிரான்சியப் படையினர் அவர்களைக் கண்டபோது, மூர் இருநூறு மைலுக்கு மேல் நடந்திருந்தார். நால்வருள் ஒருவர் மீட்கப்பட்ட பின்னும் பிழைக்கவில்லை. வண்டியிற் சில மணி நேரத்திற் கடக்கும் தூரம், வண்டி இல்லாதபோது உயிரின் எல்லையாகிவிடும்.

போரின்போது ஜீப் வண்டி பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமாயிற்று. நான்கு சில்லுகளாலும் உந்தப்படும் வண்டி உழவருக்கும் ஆய்வாளருக்கும் உரியதாகி, இறுதியில் வாடகைக்கு எடுக்கும் உல்லாசப் பிரயாணிக்கும் உரியதாயிற்று. பக்னோல்டோ மணலின் இயல்பை ஆராய்வதில் ஈடுபட்டு, காற்றினால் மணல் நகரும் முறைபற்றி 1941ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1944இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். 1990ஆம் ஆண்டில் மறைந்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஆளில்லா ஊர்தியொன்று 2015ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கிய மணற்குன்றுகளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

இன்று பாலைவன ஓரத்தில் வண்டியை வாடகைக்கு எடுப்பவர், சூரியத் திசைகாட்டியை அறியாதவராயிருக்கலாம். செயற்கைக் கோள்களின் உதவியால் இயங்கும் கருவி அவருக்கு வழி காட்டும். ஆனால் கருவி பழுதுறலாம், சில்லு புதையலாம், தண்ணீர் தீரலாம். ரயரின் காற்றைக் குறைத்துச் செல்லல், தகடும் மண்வெட்டியும் உள்ளனவா எனப் பார்த்தல், தேவைக்கு மேலும் தண்ணீரும் பெற்றோலும் கொள்ளல், இரு வண்டிகளாய்ச் செல்லல், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லல் ஆகிய விதிகள் வாடகைக்குக் கொடுப்பவர் எழுதிய வெறும் நிபந்தனைகள் அல்ல. மணலில் உழைத்தவர்களும் தாகத்தால் தவித்தவர்களும் விட்டுச் சென்ற அறிவு அது. வாடகைப் பணம் வண்டியை மாத்திரமே பெற்றுத் தரும். அவ்வறிவைப் பிரயாணி தானே கற்றுக்கொண்டு புறப்படல் வேண்டும்.