எம்.சி.பி.யின் உள்ளமைப்பு: செஞ்சியில் பிரித்தறிந்த ஓர் இயந்திரவியல் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பழைய வீடுகளின் மீட்டர் பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தை இன்று எம்.சி.பி. (மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர்) பிடித்துக்கொண்டது. விளக்கு அணைந்தால் "எம்.சி.பி. ட்ரிப் ஆகிவிட்டது" என்று சொல்லி, கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம். உள்ளே எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று கேட்பவர் குறைவு.

செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று கழித்துப்போட்ட ஒற்றை முனை எம்.சி.பி.யே இவ்வாய்வின் பொருள். முகப்பில் ‘சி 16’ என்ற குறியும், சிறு கட்டத்துக்குள் 6000 என்ற எண்ணும் உண்டு. 16 என்பது அது தொடர்ந்து தாங்கும் ஆம்பியர். 6000 என்பது ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் அது பாதுகாப்பாகத் துண்டிக்கக்கூடிய ஆம்பியர் அளவு.

இக்கருவிக்குள் பேட்டரி இல்லை, மின்னணுச் சில்லு இல்லை. கைப்பிடியைத் தூக்கும்போது நம் கை ஸ்பிரிங்கில் ஏற்றிவைக்கும் விசையும், பழுதான மின்னோட்டம் தானே உண்டாக்கும் வெப்பமும் காந்தமும்தான் அதன் ஆயுதங்கள். வெளியுதவி எதையும் நாடாமல் ஆபத்தின் வலிமையையே ஆபத்துக்கு எதிராகத் திருப்பும் இயந்திரம் இது என்பதை அதன் உறுப்புகள் வழியே நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரலாற்றுப் பின்னணி

மின்சுற்றைத் தானே துண்டிக்கும் கருவி பற்றிய கருத்தை எடிசன் 1879ஆம் ஆண்டுக் காப்புரிமை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருந்தார். எனினும் வீடுகளில் நிலைத்தது ஃபியூஸ் கம்பிதான். வெப்பத்தாலும் காந்தத்தாலும் விடுபடும் இருவழிகளையும் ஒரே சிறு கூட்டுக்குள் அடக்கிய கருவிக்கு 1924இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் கண்டுபிடிப்பாகக் காப்புரிமை பெறப்பட்டது. ஃபியூஸ் இருந்த குழியிலேயே திருகிப் பொருத்தும் வடிவில் அது வந்தது. இன்றைய எம்.சி.பி.யின் அடிப்படை அமைப்பு அதுவே. இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ்./ஐ.இ.சி. 60898.

3. பிரிக்கும் முறை

கூட்டின் இரு பாதிகளும் ஸ்குரூவால் அல்ல, ரிவெட்டால் பிணைக்கப்பட்டுள்ளன. ரிவெட்டின் தலையை டிரில்லால் குடைந்தால்தான் கூடு திறக்கும். இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. ஃபியூஸ் கட்டையில் உரிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவிடும் வழக்கம் எத்தனையோ வயரிங்கை எரித்திருக்கிறது. எம்.சி.பி.யில் அந்தக் கைவேலைக்கு இடமே இல்லை. உள்ளே வெப்பத்தால் வளையும் பட்டையின் நிலையைத் திருத்தும் சிறு ஸ்குரூ ஒன்று உண்டு. அதுவும் தொழிற்சாலையில் அளவு வைத்தபின் மெழுகு போன்ற பசையால் பூட்டப்பட்டிருக்கிறது.

கழித்துப்போட்ட, எந்த இணைப்பும் இல்லாத கருவியைத்தான் பிரிக்க வேண்டும். மூடியைத் தூக்கும்போது ஸ்பிரிங் தெறிக்கும். கண்ணாடி அணிவது அவசியம். ஒருமுறை திறந்த எம்.சி.பி.யை மீண்டும் மூடிப் பயன்படுத்தவே கூடாது.

4. உறுப்புகளும் செயலும்

4.1 தாழும் ஸ்பிரிங்கும்

கைப்பிடியைத் தூக்கும்போது ஒரு சிறு கம்பி இணைப்பு நகரும் முனையை நிலை முனையோடு அழுத்துகிறது; ஸ்பிரிங்கும் கூடவே இறுகுகிறது. இந்த இறுக்கத்தைப் பிடித்துவைத்திருப்பது நகக்கண் அளவுள்ள ஒரு தாழ். இரண்டு உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று பிடித்திருக்கும் விளிம்பு ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கிறது. ஊசி முனையால் தொட்டாலே தாழ் நழுவி, நகரும் முனை படாரென்று பின்வாங்குகிறது. பெரிய விசையைச் சிறு தொடுதலால் விடுவிப்பதே இந்த அமைப்பின் நுட்பம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கைப்பிடியை விரலால் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு தாழைத் தட்டினாலும் முனைகள் விலகிவிடுகின்றன. தாழ் விடுபட்ட கணத்தில் கைப்பிடிக்கும் முனைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவதே காரணம். கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவைத்தாலும் கருவி தன் கடமையைச் செய்யும்.

4.2 ஈருலோகப் பட்டை

வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை இது. மின்னோட்டம் இதன் வழியாகவே பாய்கிறது. ஓட்டம் மிகும்போது பட்டை சூடேறி, குறைவாக விரியும் பக்கம் வளைந்து, தாழை மெல்ல இழுக்கிறது.

இதன் பொறுமையைத் தரநிலை எண்களில் காணலாம். 16 ஆம்பியர் கருவி 1.13 மடங்கில், அதாவது ஏறத்தாழ 18 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விடுபடக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விடுபட்டே ஆக வேண்டும். 2.55 மடங்கில், ஏறத்தாழ 41 ஆம்பியரில், ஒரு நிமிடத்துக்குள் விடுபட வேண்டும். வயரின் காப்புறையும் இதே போக்கில்தான் சூடேறுகிறது. ஆகவே சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் வயரின் நிலையைப் பட்டை தன் உடலில் நடித்துக் காட்டுகிறது எனலாம்.

4.3 காயில்

ஷார்ட் சர்க்யூட்டில் பட்டை வளையும் வரை காத்திருக்க முடியாது. அதற்காகவே பட்டையோடு தொடராக, தடித்த செம்புக் கம்பியில் சில சுற்றுகளே கொண்ட காயில் இருக்கிறது. அதன் நடுவே இரும்பு உலக்கை ஒன்று மெல்லிய ஸ்பிரிங்கால் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. ஓட்டம் குறித்த அளவைத் தாண்டினால் காந்த விசை அந்த ஸ்பிரிங்கை வென்று உலக்கையை இழுக்கிறது. உலக்கை இரண்டு வேலை செய்கிறது: தாழைத் தட்டுகிறது; நகரும் முனையின் புயத்தையும் நேராக அடித்துப் பிரிக்கிறது. இவை சில மில்லிவினாடிகளில் முடிகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அரைச்சுற்று 10 மில்லிவினாடி. ஷார்ட் சர்க்யூட் ஓட்டம் தன் முழு உச்சத்தை எட்டுமுன்பே முனைகள் பிரியத் தொடங்கிவிடுகின்றன.

4.4 வில் அறை

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு ஒன்று உண்டு. அதைக் கடக்க மரப்பாலம் இருந்தது. பாலத்தை விலக்கினால் பாதை முடிந்தது. எம்.சி.பி.யும் முனைகளை விலக்கி இடைவெளி உண்டாக்கும் கருவிதான். ஆனால் மின்சாரம் அத்தோடு நின்றுவிடுவதில்லை. பிரியும் முனைகளுக்கு நடுவே காற்றையே பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றித் தனக்கொரு தீப்பாலம் அமைத்துக்கொள்கிறது. இதுவே மின்வில், எலக்ட்ரீஷியன்கள் ஆர்க் என்பார்கள்.

கருவியின் கணிசமான இடத்தை வில் அறை எடுத்துக்கொள்வது இதனால்தான். பிரித்த கருவியில் 13 மெல்லிய இரும்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கப்பட்டுள்ளன. வில்லின் சொந்தக் காந்தப்புலமும் இரும்புத் தகடுகளின் ஈர்ப்பும் அதை முனைகளிலிருந்து அறைக்குள் தள்ளுகின்றன. அங்கே ஒரு வில் 14 சிறு விற்களாகத் துண்டாகிறது. ஒவ்வொன்றும் எரிந்துகொண்டிருக்க ஏறத்தாழ 20 முதல் 30 வோல்ட் தேவை. துண்டுக்கு 25 என்று கொண்டால் மொத்தம் 350 வோல்ட். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தின் உச்சமோ 325 வோல்ட். தேவைப்படும் வோல்ட்டேஜ் கிடைக்காமல் வில் அணைகிறது. நம் கருவியின் தகடுகளில் முன் விளிம்புகள் கருத்து, செம்பு நிறப் பூச்சு ஆங்காங்கே உருகியிருந்தது. அது ஒருமுறையேனும் பெரும் ஓட்டத்தைத் துண்டித்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

5. செஞ்சிச் சூழலில் பயன்பாடு

5.1 பம்புசெட்டும் வகையெழுத்தும்

நெல்லும் மணிலாவும் விளையும் இவ்வட்டாரத்தில் கிணற்று மோட்டாரே முக்கிய மின்சுமை. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7, 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும், அதாவது 48 ஆம்பியர் அளவுக்கு. முகப்பில் உள்ள எழுத்து காயில் விடுபடும் அளவைச் சொல்கிறது. ‘பி’ வகையின் காயில் 3 முதல் 5 மடங்கில் விடுபடும். 16 ஆம்பியருக்கு 48 முதல் 80. மோட்டார் கிளம்பும்போதே அது விழக்கூடும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில், அதாவது 80 முதல் 160 ஆம்பியரில் விடுபடுவதால் கிளம்பும் இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும். எழுத்தைப் பார்க்காமல் ஆம்பியரை மட்டும் கேட்டு வாங்கினால் கருவி பொருந்தாது.

5.2 வெயில்

ஈருலோகப் பட்டைக்கு அளவு வைக்கப்படுவது 30 டிகிரி செல்சியஸில். கத்திரி வெயிலில், மேற்குச் சுவரில் பொருத்திய மூடிய பெட்டிக்குள் வெப்பம் அதைவிட மிகவும் கூடும். அப்போது பட்டை ஏற்கெனவே சற்று வளைந்த நிலையில் இருப்பதால் குறித்த ஆம்பியருக்குக் கீழேயே விடுபடலாம். இதைக் கருவியின் பழுதென்று எண்ணி அடுத்த பெரிய அளவை மாட்டுவதே வழக்கமாக நடக்கும் தீங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால், 46 ஆம்பியர் ஓடினாலும் அது ஒரு மணி நேரம் வரை சும்மா இருக்கலாம். அதற்குள் வயர் கருகிவிடும். பெட்டியை நிழலுக்கு மாற்றுவதும், டெர்மினல் ஸ்குரூவை இறுக்குவதும், சுமையைப் பிரிப்பதுமே சரியான தீர்வு.

6. கருவியின் எல்லை

எம்.சி.பி. காப்பது வயரை, மனிதரை அல்ல. உடல் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்வது உயிருக்கே ஆபத்தாகலாம். 16 ஆம்பியர் அதைப்போல் 500 மடங்குக்கும் மேல். ஈர மோட்டாரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்போது எம்.சி.பி.யின் பட்டையும் காயிலும் எதையும் உணர்வதில்லை.

அந்த வேலைக்கு உரியது வீடுகளில் ஈ.எல்.சி.பி. என்றே வழங்கும் ஆர்.சி.சி.பி. அதில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. போன ஓட்டம் முழுவதும் திரும்பி வந்தால் வளையத்தில் காந்தம் எழாது. ஒரு பங்கு மண்ணுக்குக் கசிந்தால் எழும் சிறு மின்னோட்டம், நிலைக்காந்தம் பிடித்திருக்கும் தகட்டை விடுவிக்கிறது. அங்கும் முனைகளைப் பிரிப்பது முன்பே இறுக்கிய ஸ்பிரிங்கே. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவிக்கெனத் தனி விதியே வகுத்தன. இரண்டும் இருக்கும் பலகையே முழுமையான பலகை.

7. முடிவுரை

தாழ், பட்டை, காயில், தகடு ஆகிய நான்கு உறுப்புகளும் பள்ளி இயற்பியல் பாடத்தில் உள்ள தத்துவங்களே: நெம்புகோல், வெப்ப விரிவு, மின்காந்தம், மின்னிறக்கம். நான்கையும் உள்ளங்கை அளவில் ஒன்றுசேர்த்த கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கழித்துப்போட்ட எம்.சி.பி.க்களை ரிவெட் நீக்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி வகுப்பறைக்குக் கொண்டுசென்றால் அவற்றைவிட நல்ல மாதிரி தேவையில்லை.

வீட்டாருக்கும் இவ்வாய்வு ஒரு விதி தருகிறது. விழுந்த வேகமே நோயைச் சொல்கிறது. தூக்கிய உடனே விழுந்தால் பேசியது காயில். ஷார்ட் சர்க்யூட்டைத் தேட வேண்டும், மீண்டும் தூக்கிப் பார்க்கக் கூடாது. பத்து, இருபது நிமிடம் ஓடி விழுந்தால் பேசியது பட்டை. சுமையையோ தளர்ந்த டெர்மினலையோ வெப்பத்தையோ பார்க்க வேண்டும். காரணம் தெரியும்வரை கைப்பிடியைத் தூக்காமல் இருப்பதும், தெரிந்தபின் அதே அளவு கருவியையே வைத்துக்கொள்வதும் அந்தச் சிறு இயந்திரத்தின் உழைப்பை வீணாக்காமல் காக்கும்.